வலப்பக்கத்தில் நான் போட்ட இரண்டு

என் கண்ணே,

"எனக்கு கெமிஸ்ட்ரி வராதும்மா, திங்கட்கிழமை வேற குரூப்புக்கு மாறிடறேன்" என்று நேற்று ஃபோனில் சொன்னாய். திங்கட்கிழமைக்குள் இது ஹாஸ்டலில் உன் கைக்கு வந்துவிட வேண்டும். அப்பாவிடம் உறையை ஒட்டித்தான் கொடுத்தனுப்புகிறேன். உள்ளே இருப்பது அவருக்கும் தெரியாது.

பத்தாம் வகுப்பில் ஒருநாள், தண்ணீர் உண்டாகும் சமன்பாட்டை எழுதிவிட்டு நீ குளிக்கப் போயிருந்தாய். வீட்டுக் கணக்கு பார்க்கிற பழக்கத்தில் இரண்டு பக்கத்தையும் ஒப்பிட்டேன். இடப்பக்க ஆக்ஸிஜனுக்குக் கீழே சின்ன இரண்டு இருந்தது, வலப்பக்கம் இல்லை. குழந்தை விட்டுவிட்டாள் என்று உன் பேனாவாலேயே போட்டுவிட்டேன்.

"இந்தத் தண்ணியைக் குடிச்சா தாகம் தீராது, ஆளே தீந்துடுவான்" என்று டீச்சர் உன் நோட்டை வகுப்புக்கே தூக்கிக் காட்டினாராம். அழுதுகொண்டு வந்து, "நான் இப்படி எழுதலையேம்மா, நீ தொட்டியா?" என்று கேட்டாய்.

"எனக்கென்னடி தெரியும் உன் பாடம்? அவசரத்துல நீயே எழுதியிருப்பே" என்றேன்.

நம்பிவிட்டாய். அதன் பிறகு சரியாக எழுதியதைக்கூட அழித்து அழித்து எழுதினாய். நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

அப்புறம் உன் புத்தகத்தை நானே எடுத்துப் படித்தேன். கீழே இருக்கும் எண்ணைத் தொட்டால் சேர்மமே வேறாகிவிடுமாம்; நான் போட்ட இரண்டால் தண்ணீர் ஹைட்ரஜன் பெராக்சைடு ஆகியிருக்கிறது. அணுக்களைச் சமன் செய்ய முன்னால்தான் எண் போட வேண்டுமாம். நீ அப்படித்தான் போட்டிருந்தாய். நீ எழுதியது சரி.

கடவுளிடம் தினமும் மன்னிப்புக் கேட்கிறேன். அவர் திருப்பி எதுவும் கேட்கமாட்டார் என்ற தைரியம். உன்னிடம் நேற்றுகூட "சாப்பிட்டியா" என்று மட்டும் கேட்டுவிட்டு ஃபோனை வைத்துவிட்டேன்.

மாறுவதென்றால் மாறு. என் தப்பை உன்னுடையது என்று நினைத்து மாறாதே.

உன் முகத்தைப் பார்க்கக் கூசும்
அம்மா