பக்கம் நாற்பத்தொண்ணுல இருந்த பற்றாக்குறை

அன்பு மகனுக்கு,

அம்மா எழுதறேன். நாங்க ரெண்டு பேரும் நல்லா இருக்கோம், அப்பாவோட இடது முழங்கால் மட்டும் எங்க பேச்சைக் கேக்காம தனியா ஒரு வழியில போயிட்டிருக்கு. நீயும் மருமகளும் சுகமா இருக்கணும், அதுதான் எங்களுக்கு வேணும். ஒரு வாரமா அம்மா போனையே எடுக்கலைன்னு நீ பதறினதா அப்பா சொன்னார். பட்ஜெட் அச்சடிக்கிற வாரம்னா அச்சகத்துக்குள்ள போனவங்க, மந்திரி சபையில வாசிச்சு முடிக்கிற வரைக்கும் வெளியே வர முடியாதுன்னு உனக்குத் தெரியாதா, வாசல்லயே போனை வாங்கி உறையில போட்டு சீல் வெச்சுடுவாங்க. அப்பாவுக்கும் தெரியும், தெரிஞ்சும் மூணாம் நாள் அச்சக வாசலுக்கு வந்து, வாஷிங் மெஷின்ல எத்தனாவது பட்டனை அமுக்கணும்னு என்னைக் கேட்டுச் சொல்லச் சொல்லி நின்னிருக்கார். உள்ளேயிருந்து ஒரு எண் கூட வெளியே போகக் கூடாதுன்னு காவலர் திருப்பி அனுப்பிட்டாராம். நாலாவது பட்டன். அதுவும் அரசாங்க ரகசியம் ஆயிடுச்சு, அப்பா ஒரே சட்டையோட ஏழு நாள் ஓட்டியிருக்கார்.

நீ போன தடவை பேசினப்ப சொன்னது எனக்கு நல்லாவே உறைச்சதுடா. முப்பத்தொரு வருஷமா பட்ஜெட்டுக்குப் பிழை திருத்தறே, நிதிப் பற்றாக்குறைன்னா என்னன்னு கேட்டா ஒற்றெழுத்தெல்லாம் சரியா இருக்குன்னு பதில் சொல்றியேம்மான்னு சிரிச்சே. என் வேலை அதுதானே. மூலத்துல ஏழுன்னு இருந்தா அச்சுலயும் ஏழு இருக்கணும், ஏன் ஏழுன்னு கேக்க எனக்குச் சம்பளம் இல்லை. இருந்தாலும் ரோஷம் வந்து இந்தத் தடவை கேட்டுட்டேன். நிதித்துறையிலேர்ந்து ஒரு பொண்ணு எங்களோட அடைபட்டிருந்தா, ஓயாத ஜலதோஷம், அவளுக்கு நாங்க வெச்ச பேரே தும்மல். அவ நம்ம வீட்டையே எடுத்துச் சொன்னா. என் சம்பளமும் அப்பா பென்ஷனும் வரவு. மளிகை, கரண்ட், மாத்திரை, பழைய கடனுக்கு வட்டி, இதெல்லாம் அன்றாடச் செலவு. வரவுக்கு மேல இந்தச் செலவு எவ்வளவு போகுதோ அவ்வளவு துண்டு விழுது, அது வருவாய்ப் பற்றாக்குறை. அதோட நிக்காம மாடியில ஒரு அறையும் கட்டறோம்னு வெச்சுக்கோ, அது மூலதனச் செலவு. ரெண்டுக்கும் சேர்த்து இந்த வருஷம் மொத்தமா எவ்வளவு கடன் வாங்கணுமோ அதுதான் நிதிப் பற்றாக்குறை. கடன் வாங்கறதே தப்பான்னு கேட்டேன். எதுக்கு வாங்கறோம், திருப்பிக் கட்டற அளவுக்கு வருமானம் வளருதா, அதைத்தான் பார்க்கணும், அறை கட்டினா வாடகையாவது வரும், மளிகைக்கு வாங்கின கடன் சாப்பிட்டதோட சரின்னா. அப்ப அப்பா வாங்கிப் போட்ட நடக்கிற மெஷின் எதுல சேரும்னு கேட்டேன். மூலதனச் செலவுன்னா. அதுல ஒருநாளும் யாரும் நடக்கலை, ஈரத்துண்டுதான் காயுதுன்னேன். பரவாயில்லைம்மா, அரசாங்கத்துக்கும் அப்படிக் கட்டடம் நிறைய இருக்குன்னு சொல்லிட்டுத் தும்மினா.

இனிமேதான் விஷயமே. அஞ்சாம் நாள் காலையில, பாதி ரொட்டி வாயில இருக்கு, பக்கம் நாற்பத்தொண்ணு என் மேஜைக்கு வந்தது. வருவாய்ப் பற்றாக்குறை முப்பத்தோராயிரம் கோடி, நிதிப் பற்றாக்குறை பதினாலாயிரம் கோடி. மூலத்துலயும் அதேதான், ஒரு புள்ளி கூட மாறலை. போன வருஷமா இருந்தா சுருக்கொப்பம் போட்டுட்டு மீதி ரொட்டியைத் தின்னிருப்பேன். இப்ப பேனா ஓடலை. அன்றாடச் செலவுக்கே முப்பத்தோராயிரம் துண்டு விழுது, கட்டடம் பாலம்னு மேல வேற செலவு இருக்கு, மொத்தக் கடனே பதினாலாயிரம்தான்னா மீதியை யாரு கொடுத்தா? எதையாவது வித்து அடைச்சாங்களான்னு சொத்து வித்த வரவுப் பக்கத்தையும் புரட்டினேன், பழைய ஜீப் வித்த காசுதான் இருந்தது. எங்களோடவே அடைபட்டிருந்த நிதித்துறைத் துணைச் செயலாளர்கிட்ட எடுத்துட்டுப் போனேன். ஏசி குளிருக்கு மேஜை விரிப்பைப் போர்த்திக்கிட்டு உக்காந்திருந்தார். மூலத்தோட ஒத்துப் பாருங்கம்மா, மூலத்தைத் திருத்தறது உங்க வேலை இல்லைன்னார். ஓய்வு பெற இன்னும் ஒரு வருஷம்தான், இந்த வயசுல மெமோ வாங்கணுமான்னு ஒரு நிமிஷம் தோணிச்சு. ஆனா என் ஒப்பம் இல்லாம எந்தப் பக்கமும் மெஷின் ஏறாது. சரியாப் புரியாம ஒப்பம் போட மாட்டேன்னு சொல்லிட்டு அங்கேயே நின்னேன். அதுக்குள்ள மெஷின் மேஸ்திரி வந்து, மெஷின் சும்மா நிக்குது, இந்த அக்கா ஒப்பம் போடாததை நான் ஓட்ட மாட்டேன்னு அவர் பங்குக்கு நின்னார். துணைச் செயலாளர் தும்மலைக் கூப்பிட்டு, நீ என்ன சொல்றேன்னு கேட்டார். அவ வாயைத் திறந்தா, மூணு தும்மல்தான் வந்தது. அதை அவர் என்னன்னு எடுத்துக்கிட்டாரோ, எழுந்து உள்ளறைக்குப் போய், அவருக்கு மட்டும் அனுமதிச்ச போன்ல பேசினார்.

கால் மணி நேரம். எனக்கு ஒரு நாள் மாதிரி இருந்தது. திரும்பி வரும்போது தோள்ல விரிப்பு இல்லை, வேர்த்திருந்தது. கம்ப்யூட்டர்ல அந்த ரெண்டு தொகையும் ஒண்ணுக்கொண்ணு இடம் மாறியிருக்கு, அதைப் பார்த்து எழுதின மந்திரி பேச்சுலயும் அப்படியே போயிருக்குன்னார். சபையில எழுந்து நின்னு அதை வாசிச்சிருந்தா எதிர்க்கட்சிக்காரங்க ஒரு மாசத்துக்குச் சிரிச்சிருப்பாங்க. என்னைத் திட்டலை, பாராட்டவும் இல்லை. ஒரு நாற்காலியை இழுத்து என் பக்கத்துல போட்டு, முழுப் பேச்சையும் முதல்லேர்ந்து படிங்கம்மா, இந்தத் தடவை அர்த்தம் பார்த்துன்னார். படிச்சோம். இன்னும் ரெண்டு இடம் மாட்டிச்சு.

பட்ஜெட் அன்னிக்குக் கேன்டீன் டிவியில எல்லாரும் பார்த்தோம். மந்திரி அந்த வரியைச் சரியா வாசிச்சார், மேஸ்திரி விசிலடிச்சார். அடுத்த நிமிஷமே டிவியில கோட்டுப் போட்ட நிபுணர் ஒருத்தர் வந்து, ரெண்டு பற்றாக்குறையும் ஏறக்குறைய ஒண்ணுதான்னு விளக்கினார். தும்மல் டிவியை அணைச்சுட்டா.

வெளியே வரும்போது நடந்ததைச் சொல்லணும். போன் உறையைத் திருப்பி வாங்க வரிசையில நிக்கிறேன், துணைச் செயலாளர் கையில நோட்டோட வந்து, உங்க பேர் என்னம்மான்னு கேட்டார். முப்பத்தொரு வருஷத்துல எந்த அதிகாரியும் கேக்காத கேள்விடா. பழக்க தோஷத்துல பிழை திருத்தும் அறைன்னு சொல்லிட்டேன். அவர் சிரிக்கலை. அது அறையோட பேரும்மா, நான் உங்க பேரைக் கேட்டேன்னு பேனாவைத் திறந்தபடியே காத்துக்கிட்டு நின்னார். ஒவ்வொரு எழுத்தாச் சொன்னேன், தப்பில்லாம எழுதிக்கிட்டார்.

இதையெல்லாம் உன் ஆபீஸ்ல வாசிச்சுக் காட்டாதே, தப்பு நடந்தது வெளியே தெரிய வேண்டாம். வலிக்குதுன்னு சொன்ன கடைவாய்ப் பல்லை ஒத்திப்போடாம இந்த வாரமே டாக்டர்கிட்ட காட்டு. மருமகளுக்கு என் அன்பைச் சொல்லு. ரெண்டு பேரும் நோய் நொடி இல்லாம, மனசு நிறைஞ்சு, நீண்ட ஆயுசோட இருக்கணும்.

ஆசீர்வாதங்களுடன்,
உன் அம்மா