திரும்பி வந்த கொழுக்கட்டை

பூசான்
9 அக்டோபர் 1987

அன்புள்ள அக்காவுக்கு,

ஹே-ரன் எழுதுவது. இங்கே நலம். முன்னோர் படையலில் கும்பிடாமல் நின்று எல்லோரிடமும் பேச்சு வாங்க இந்த வருடம் மனமில்லை. அதனால்தான் சுசொக் அறுவடைப் பண்டிகைக்கு அவரை மட்டும் அனுப்பினேன்.

நீங்கள் கட்டிக் கொடுத்த கொழுக்கட்டை மூட்டையைக் கொண்டுவந்தார். படைத்ததை நான் சாப்பிடக் கூடாது. பிரிக்காமலே பேருந்தில் திருப்பி அனுப்பிவிட்டேன், கோபிக்க வேண்டாம். கர்த்தரிடம் அன்பு வைத்தவள் அவர் சொல்லுக்குக் கீழ்ப்படிய வேண்டுமல்லவா? இன்று விடியற்கால ஜெபத்தில் இதைச் சாட்சியாகச் சொன்னேன். சபையே "ஆமென்" என்றது.

அத்தையின் மூட்டுவலி எப்படி இருக்கிறது?

அன்புடன்,
ஹே-ரன்

ஆண்டோங்
14 அக்டோபர் 1987

என் ஓரகத்தி மகராசிக்கு,

மூட்டை வந்தது, போட்ட முடிச்சு போட்டபடியே. கொழுக்கட்டை ஊசிப்போய்விட்டது. பக்கத்து வீட்டு நாய்கூட முகர்ந்து பார்த்துவிட்டுப் போய்விட்டது.

அது படைத்தது இல்லையடி. நீ மருமகளாக வந்த வருடம் அடுப்படியில் என் காதோடு, "அக்கா, படைச்சத நான் சாப்பிடக் கூடாது, யார்கிட்டயும் சொல்லிடாதீங்க" என்றாயே. அன்று முதல், முதல் ஈடு வெந்ததும் படையலுக்கு முன்பே உன் பங்கை எடுத்து ஒளித்து வைக்கிறேன். இந்த வருடம் அத்தை பார்த்துவிட்டார்.

"தாத்தனுங்களுக்கு முன்னாடி எவடி வாய் வச்சவ?"

"எனக்குத்தான் பசிச்சுது அத்தை."

தெருவே கேட்க வாங்கிக் கட்டிக்கொண்டேன். இத்தனை வருடம் இந்த வீட்டில் குப்பை கொட்டியவளுக்குத் தீனிப்பண்டாரம் என்று பெயர்!

உன் சாமியை எனக்குத் தெரியாது. நீ சொன்னாய், செய்தேன். பிரித்தாவது பார்த்திருக்கலாம்.

அத்தைக்கு வலி அப்படியேதான்.

குன்-சுக்

பூசான்
19 அக்டோபர் 1987

என் அக்காவுக்கு,

வெட்கத்தில் காது சுட்டது. "என்ன ஆச்சு?" என்று கேட்ட அவரிடமும் முகத்தைக் காட்ட முடியவில்லை.

வருடா வருடம் அந்தத் தனித் தட்டில் தின்றவள் நான். வராத வருடமும் எடுத்து வைப்பீர்கள் என்று தோன்றவே இல்லை. ஒருமுறை காதில் சொன்னதை, என்மேல் உள்ள அன்புக்காக மட்டுமே காத்தீர்கள். எனக்காக உயிரையே கொடுத்தவரின் சொல்லை நானோ, தண்டனைக்குப் பயந்தும் சபையின் ஆமெனுக்காகவும் காத்தேன். அதற்கு அன்பு என்று பெயரிட்டு உங்களுக்கே எழுதினேன். எவ்வளவு கேவலம் அக்கா.

இன்று ஜெபத்தில் மீதிக் கதையையும் சொன்னேன். ஒருவரும் ஆமென் சொல்லவில்லை.

அடுத்த சுசொக்குக்கு முந்தின நாளே வந்துவிடுவேன். கும்பிட மாட்டேன், அது கர்த்தருக்கு நான் செய்வது, இனிமேலாவது அன்பினால். ஆனால் மாவு பிசைவதும் மீன் பொரிப்பதும் என் வேலை. முதல் ஈட்டில் எடுத்து வைத்ததைப் பார்த்து அத்தை கேட்டால், பசித்தது ஹே-ரனுக்கு என்று சொல்லுங்கள்.

நான் பக்கத்திலேயே நிற்பேன்.

உங்கள் தங்கை,
ஹே-ரன்