பெரியவர் எண்ணிக்கொண்டிருக்கிறார்

பிப்ரவரி 4, செவ்வாய்

காலை ஆறரைக்கு ஜன்னலைத் திறந்தேன். பெரியவர் மறுபடியும் உட்கார்ந்துவிட்டார். முன்பக்க இடது மூலை தரையைத் தொடாத குறை. இந்தக் காருக்கு ஸ்பிரிங் கிடையாது, காற்றுப் பைதான். பதினெட்டு வயதில் பை கசிகிறது. விடிவதற்குள் முட்டி மடங்கிவிடுகிறது. ஸ்டார்ட் செய்து நான்கு நிமிடம் காத்திருந்தால் முனகிக்கொண்டே எழுந்திருப்பார். அந்த நான்கு நிமிடம் அக்கம்பக்கத்தார் பல் துலக்கிக்கொண்டே வேடிக்கை பார்ப்பதற்காக.

"பெரியவர்" என்று பெயர் வைத்தவள் என் மனைவி. காரணம் அவள் அண்ணன். கார் வந்த அன்று ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "மாப்ள, நீங்க கார் வாங்கல. இன்னொரு மாமனாரத் தத்தெடுத்திருக்கீங்க."

எட்டு மாதம் ஆகிறது. யாரோ ஒரு வங்கித் தலைவர் பின்சீட்டில் அமர்ந்து செய்தித்தாள் படித்த கார். பொத்தானை அழுத்தினால் பின்கண்ணாடியில் திரை எழும்பும். கதவை மூடினால் பெரிய மனிதர் "ம்" என்று சொல்வதுபோல் ஒரு சத்தம். புதிய சின்னக் கார் ஒன்றின் விலைக்குக் கிடைத்தது என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன். விலை இறங்கியது காருக்கு மட்டும்தான். உதிரிபாகங்கள் இன்னும் வங்கித் தலைவரிடமே இருப்பதாக நினைத்துக்கொண்டிருக்கின்றன.

பிப்ரவரி 6, வியாழன்

இடது காற்றுப் பையை மாற்றியாயிற்று. என் கடைவாய்ப் பல்லுக்கு உறை போட வைத்திருந்த பணம். இனி வலப்பக்கம் மட்டும் மெல்லுவது.

பிப்ரவரி 15, சனி

பெட்ரோல் போடத் தனியாகப் போனேன். தனியாக — நல்ல வேளை. பாலத்து இறக்கத்தில் டாஷ்போர்டு முழுக்கச் சிவப்பு. "பிரேக். பணிமனைக்குச் செல்லவும்." பிரேக் என்னவோ பிடித்தது. ஆனாலும் பெட்ரோல் போட நிற்கவில்லை.

நேரே நிபுணரிடம் போனேன். கம்பெனிப் பணிமனையில் பன்னிரண்டு வருடம் இருந்துவிட்டு வெளியே வந்து சொந்தமாகக் கடை வைத்திருக்கும் மெக்கானிக். பலகையில் "நிபுணர்" என்று போட்டு அதன்கீழ் பெயர் எழுதியிருந்தார். பெயர் மழையில் அழிந்துவிட்டது, பட்டம் நிற்கிறது.

கம்ப்யூட்டரைச் செருகிப் பார்த்தார். துக்கம் விசாரிக்க வந்தவர் முகம்.

"சார், இதுல பிரேக்குக்குன்னு கரண்ட் பம்ப் ஒண்ணு இருக்கு. நீங்க ஒவ்வொரு தடவ பெடல மிதிக்கறதையும் அது எண்ணுது. மூணு லட்சம் மிதிதான் அதுக்கு ஆயுசு. முடிஞ்சு போச்சு."

"எண்ணுதா?"

"ஒண்ணு விடாம."

வங்கித் தலைவர்மேல் கோபம் வந்தது. எத்தனை மிதியை வீணாக்கினாரோ. பிறகு, அவர் எங்கே மிதித்தார், டிரைவரல்லவா மிதித்திருப்பார் என்று தோன்றியதும் கோபத்தை டிரைவருக்கு மாற்றினேன். புதுப் பம்புக்கு நிபுணர் சொன்ன தொகை, கார் வாங்கிய விலையில் பாதி. நான் உட்கார இடம் தேடுவதைப் பார்த்து ஒரு டயரை உருட்டிப் போட்டார்.

"வேற வழியும் இருக்கு சார். எண்ணிக்கைய சீரோ பண்ணிடலாம். வண்டி தன்ன புதுசுன்னு நெனச்சுக்கும்."

எனக்கும் அப்படி ஒரு ஒயர் இருந்தால் செருகிக்கொள்ளலாம். ஒரு வேளைச் சாப்பாட்டுக் காசு போதும் என்றார். சரி என்றேன். யோசித்த நேரம் மொத்தம் ஒரு நிமிடம் இருக்கும்.

"ஆனா சார், இது வைத்தியம் இல்ல. மூணு மாசத்துல பம்ப மாத்திடுங்க. இனிமே லைட் எரியாது. போகும்போது சொல்லாமப் போயிடும். பெடல் கல்லு மாதிரி ஆயிடும். பயப்படக் கூடாது. ரெண்டு காலாலயும் மிதிக்கணும். நிக்கும். கொஞ்சம் தள்ளி நிக்கும்."

"எவ்வளவு தள்ளி?"

"அது முன்னால என்ன இருக்குங்கறதப் பொறுத்தது."

பிப்ரவரி 16, ஞாயிறு

அவளிடம் சொல்லவில்லை.

முப்பது வருடம் பேருந்தில் நின்றுகொண்டே போய், ஆஸ்பத்திரி மருந்தகத்தில் நின்றுகொண்டே வேலை பார்த்தவள். உட்கார்ந்து போகட்டும் என்றுதான் வாங்கினேன். ஐம்பத்திரண்டு வயதில் இந்தக் காரில்தான் ஓட்டக் கற்றுக்கொண்டாள். ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்திருப்பாள், கோப்பை வாங்கியவர்கள் கோப்பையைப் பிடிப்பதுபோல. ஏறியதும் பேச ஆரம்பித்தால் இறங்கும்வரை நிறுத்துவதில்லை. இவ்வளவு மகிழ்ச்சியாக அவளைப் பார்த்ததில்லை. விஷயத்தைச் சொன்னால் "வித்துடலாங்க" என்பாள். மறுநாளே பேருந்தில் நிற்பாள்.

ஏப்ரல் கடைசியில் ஊக்கத்தொகை வரும். பத்து வாரம். தாங்காதா?

என் வேலை காப்பீட்டு நிறுவனத்தில், விபத்து இழப்பீட்டை மறுத்துக் கடிதம் எழுதுவது. (ஏற்றுக்கொண்டு எழுத வேறு பிரிவு இருக்கிறது. அங்கே ஆள் குறைவு.) பெரியவர் என் மேஜைக்கு வந்திருந்தால் இப்படி எழுதியிருப்பேன்: "உரிமையாளர் குறையை அறிந்திருந்தும், தெரிந்தே வாகனத்தைப் பயன்பாட்டில் வைத்திருந்ததால்…" இருபத்தேழு வருடமாக எழுதும் வாக்கியம். எவ்வளவு நல்ல வாக்கியம் என்று இன்றுதான் தெரிந்தது. தப்பிக்க ஓர் ஓட்டை கிடையாது.

பிப்ரவரி 17, திங்கள்

ஆஸ்பத்திரி போய்ச் சேர்ந்ததும் ஒரு மெசேஜ் போடச் சொன்னேன்.

"என்னங்க, கல்யாணமான புதுசுல மாதிரி?" என்று சிரித்தாள்.

8.12: "வந்துட்டேன்." அதுவரை கடிகார முள்ளை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

பிப்ரவரி 22, சனி

பக்கத்தில் உட்கார்ந்து எண்ணினேன். வீட்டிலிருந்து ஆஸ்பத்திரிவரை நாற்பத்தொரு மிதி. காய்கறிச் சந்தை வழியைத் தவிர்த்தால் முப்பத்து மூன்று. ஆறே காலுக்கே கிளம்பினால் பதினெட்டில் முடிக்கலாம் என்று ஆலோசனை சொன்னேன்.

"ஆறே காலுக்குப் போய்? ஆஸ்பத்திரிய நானே தொறந்து வெக்கணுமா?"

மார்ச் 4, செவ்வாய்

இப்போது காரில் எக்ஸ்ரே அம்மாவும் போகிறார். ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பவர், இரண்டு தெரு தள்ளி இருக்கிறார். "வழியிலதானே" என்றாள் மனைவி.

ஒருத்திக்காகப் பயந்துகொண்டிருந்தேன். இனி இருவர்.

மார்ச் 10, திங்கள்

மூவர். மூன்றாம் மாடி நர்ஸ்.

மார்ச் 13, வியாழன்

அலுவலகத்துக்கு ரொட்டிக்கடை வேன்காரர் வந்தார். அவர் வேன் ஒரு சுவரில் மோதியிருக்கிறது. பிரேக் தேய்ந்துவிட்டது, மாற்றுங்கள் என்று மூன்று வாரம் முன்பே ஒரு மெக்கானிக் எழுதிக்கொடுத்த சீட்டு அவர் வேனிலேயே கிடைத்தது. எனக்கு வழக்கமாக இவ்வளவு சுலபமான கோப்பு அமைவதில்லை.

"மாத்தணும்னுதான் சார் இருந்தேன். அடுத்த வாரம், அடுத்த வாரம்னு… நீங்க எதையும் தள்ளிப்போட்டதே இல்லியா?"

கன்னத்திலிருந்து கையை எடுத்தேன். பல் வலி. பரிசீலிக்கிறோம் என்று சொல்லி அனுப்பினேன். கடிதத்தை எழுதி இழுப்பறையில் வைத்திருக்கிறேன். கையெழுத்து நாளை.

மார்ச் 20, வியாழன்

8.12 ஆயிற்று. 8.20. மெசேஜ் இல்லை. அழைத்தேன்; எடுக்கவில்லை. ஓட்டும்போது எடுக்கக் கூடாது என்று சொல்லிக்கொடுத்தவனே நான்தான். 8.25. சந்தை வழியாகப் போயிருப்பாளோ? அந்தப் பள்ளிக்கூடத் திருப்பம் — ஐயோ அங்க இந்நேரத்துக்குக் கூட்டம் கூட்டமா ரோட்டக் கடப்பாங்களே. நானென்ன மனுஷன்? காசுக்குப் பார்த்தேனா, கௌரவத்துக்குப் பார்த்தேனா? மச்சான் சிரிப்பார்னு பயந்து பொண்டாட்டிய — 8.31. மருந்தகத்துக்குப் போன் செய்தேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. மேலாளர் என்னைக் கடந்து போனவர் நின்று, "உடம்பு சரியில்லையா?" என்றார். பல் என்றேன்.

8.36: "வந்துட்டேன். வழில நிறுத்தி சாருக்குக் கழுத்துத் தலையணை வாங்கினோம்."

எந்த சாருக்கு?

கீழ்வீட்டுக் கணக்கு வாத்தியார். எழுபத்திரண்டு வயது, கழுத்துக்கு உடற்பயிற்சிச் சிகிச்சையாம். இன்று முதல் அவரும். நால்வர்.

கழிவறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன்.

ஏப்ரல் 8, செவ்வாய்

எண்ணிக்கை சீரோ ஆனதிலிருந்து ஏறக்குறைய மூவாயிரம் மிதி. பெரியவர் இன்னும் தன்னைக் கைக்குழந்தை என்று நினைத்துக்கொண்டிருப்பார். உண்மையான எண் உலகத்தில் இரண்டு இடத்தில்தான் இருக்கிறது: நிபுணரின் கம்ப்யூட்டரில், என் வயிற்றில்.

ஏப்ரல் 29, செவ்வாய்

ஊக்கத்தொகை அறிவித்தார்கள். இந்த ஆண்டு தொகைக்குப் பதில் பாராட்டு. எல்லோருக்கும் நிறுவனத்தின் பெயர் அச்சிட்ட குடை.

மே 6, செவ்வாய்

ஞாயிற்றுக்கிழமை சொல்லிவிடுவேன்.

மே 11, ஞாயிறு

மச்சான் வந்திருந்தார். "பெரியவருக்கு உடம்பு எப்படி மாப்ள?" என்று கேட்டார். அருமை என்றேன்.

மே 14, புதன்

இதைத் தள்ளிப்போடக் கூடாது. கோணலாக எழுதினாலும் எழுதிவிட வேண்டும்.

காலையில் கன்னம் வீங்கிவிட்டது. பல் டாக்டரிடம் காட்ட அவளோடு ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினேன். முன்சீட்டில் நான், பின்னால் எக்ஸ்ரே அம்மா, நர்ஸ், தலையணையோடு வாத்தியார். மனைவி யாருடைய மருமகள் கதையையோ சொல்லிக்கொண்டு ஓட்டினாள். நான் எண்ணிக்கொண்டிருந்தேன். இருபத்தெட்டு. பாலத்து இறக்கம். கீழே ஆஸ்பத்திரி வாசல். உள்ளே திரும்பக் காத்து ஓர் ஆம்புலன்ஸ் நின்றுகொண்டிருந்தது. இருபத்தொன்பது — கதை பாதியில் நின்றது. அவள் கால் அழுத்தியிருக்கிறது, கார் போய்க்கொண்டிருக்கிறது.

"ரெண்டு காலாலயும் மிதி!" என்று கத்தினேன். "ரெண்டு காலாலயும்! கல்லு மாதிரி இருக்கும், விடாத, மிதி!"

மிதித்தாள். சீட்டிலிருந்து எழுந்தே நின்றுவிட்டாள். ஆம்புலன்ஸின் பின்கதவு பெரிதாகிக்கொண்டே வந்து, நின்றது. அதற்கும் எங்களுக்கும் நடுவே ஒரு சாண்.

வாத்தியார்தான் முதலில் பேசினார். "வண்டின்னா இப்படி நிக்கணும். நல்ல பிரேக்மா."

மனைவி திரும்பி என்னைப் பார்த்தாள். இன்ஜினை அணைத்துச் சாவியைக் கைப்பையில் போட்டுக்கொண்டு இறங்கிப் போனாள். பல் டாக்டரிடம் நான் போகவில்லை, நிபுணரை வரவழைத்துக் காரை இழுத்துப்போகச் சொன்னேன்.

மாலையில், செருப்பைக்கூடக் கழற்றாமல் கேட்டாள்:

"ரெண்டு காலாலயும் மிதிக்கணும்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

எல்லாவற்றையும் சொன்னேன். சிவப்பு எழுத்து, மூன்று லட்சம், சீரோ, குடை. சொல்லும்போதே காதில் விழுந்தது: ஒரு வாக்கியமும் என்னைக் காப்பாற்றவில்லை.

"ரெண்டு மாசமா மூணு பேர ஏத்திக்கிட்டுப் போயிருக்கேன். தெரிஞ்சே அனுப்பியிருக்கீங்க."

தெரிந்தே. என் சொல்தான்.

மே 15, மே 16

பேசவில்லை.

மே 17, சனி

பேசினாள். "அவங்கவங்க வீட்டுக்குப் போய் நீங்களே உங்க வாயால சொல்லிட்டு வாங்க."

போனேன். எக்ஸ்ரே அம்மா முழுக்கக் கேட்டுக்கொண்டு, கதவைச் சாத்தினார். நர்ஸ் அழுதுவிட்டாள், அவளுக்குக் கைக்குழந்தை இருப்பது எனக்குத் தெரியாது. வாத்தியார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு சொன்னார்: "அப்ப அந்த நல்ல பிரேக்குனு சொன்னத நான் வாபஸ் வாங்கிக்கறேன்." உட்காரச் சொல்லவில்லை.

மே 20, செவ்வாய்

பெரியவர் நிபுணரின் கடை வாசலில் உட்கார்ந்திருக்கிறார். எங்காவது கடன் வாங்கிப் பம்பை மாற்றிவிடுகிறேன், உனக்காகத்தான் வாங்கினேன், நீ மறுபடி பேருந்தில் நிற்கக் கூடாது என்றேன். என்னை விநோதமாகப் பார்த்தாள்.

"எனக்கு அந்த வண்டின்னா மொத நாள்லேருந்தே பயங்க. கப்பல் மாதிரி இருக்கு, எங்க முடியுதுன்னே தெரியாது. தனியா ஓட்ட முடியல. அதான் ஆள் சேத்தேன். பேசிக்கிட்டே போனா கை நடுங்கறது தெரியாது."

"சொல்லியிருக்கலாமே?"

"ஆசை ஆசையா வாங்கிட்டு வந்தீங்க. எப்படிச் சொல்றது?"

அவள் பேச்சை நான் மகிழ்ச்சி என்று குறித்துவைத்திருந்தேன். பயந்த அவள் ஆள் சேர்த்தாள். அவள் ஆள் சேர்க்கச் சேர்க்க நான் பயந்தேன். வீட்டில் யாரிடமும் எதையும் மறைக்காதவர் பெரியவர் ஒருவர்தான். சிவப்பில் எழுதியே காட்டினார். அவர் வாயை அடைத்தவன் நான்.

மே 28, புதன்

நிபுணர் பெரியவரை உதிரிபாகங்களாக எடுத்துக்கொண்டார். கிடைத்த தொகையில் பல்லுக்கு உறை போட்டாயிற்று, கொஞ்சம் மிச்சம். கதவுகளைத் தனியாக விற்பாராம்.

வேன்காரருக்குக் கடிதம் அனுப்பிவிட்டேன். மறுப்புத்தான். ஆனால் "தெரிந்தே" என்ற சொல்லை எடுத்துவிட்டேன். அந்தச் சொல் இல்லாமல் மறுப்பு நிற்காது. அவர் மேல்முறையீடு செய்தால் மேலாளர் என்னைக் கூப்பிடுவார். கூப்பிடட்டும்.

ஜூன் 3, செவ்வாய்

காலையில் இருவரும் பேருந்தில். உட்கார இடம் கிடைத்தது, இருவருக்கும். எக்ஸ்ரே அம்மாவும் அதே பேருந்தில்தான். மனைவியைப் பார்த்துத் தலையசைத்தார், என்னைப் பார்க்கவில்லை. பாலத்து இறக்கத்தில் மனைவி முன்சீட்டுக் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். ஆஸ்பத்திரி நிறுத்தம் வந்தது. பேருந்து நின்றது.

"பத்தொம்பது" என்றேன். வாய்விட்டுச் சொன்னது சொன்னபிறகுதான் தெரிந்தது.

அவள் பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

"இருபத்தொண்ணு. பாலத்துக்கிட்ட ரெண்ட விட்டுட்டீங்க."