காகங்கள் மறக்காத முகம்

மார்ச் 4, செவ்வாய்

காகம் பிடிக்கும்போது போட வேண்டிய முகமூடிகள் இன்னும் கொழும்புத் துறைமுகத்தில் கிடக்கின்றன. காத்திருந்தால் காகங்கள் கூடு கட்டத் தொடங்கிவிடும். அம்மா கோயிலுக்குப் போயிருந்த நேரம், உரும்பிராய் வீட்டு வளவிலேயே வெறும் முகத்தோடு சில காகங்களை வலை வைத்துப் பிடித்தேன். காலில் வளையம் போட்டு விட்டுவிட்டேன். தன்னைப் பிடித்தவரின் முகத்தைக் காகம் நினைவில் வைக்குமா, மற்றவற்றுக்கும் சொல்லிக் கொடுக்குமா? இதுதான் என் ஆய்வு. அம்மாவுக்குச் சொல்லவில்லை.

மார்ச் 9, ஞாயிறு

முற்றத்தில் இறங்கினால் மாமரத்திலிருந்து ஒரே கத்தல், தலைக்கு மேலே பாய்கின்றன. நினைவில் வைத்திருக்கின்றன!

ஏப்ரல் 27, ஞாயிறு

அமாவாசை. அப்பா இறந்த பிறகு அமாவாசைதோறும் அம்மா விரதம். படைத்த சோற்றைக் காகம் தின்றால்தான் அம்மாவுக்குச் சாப்பாடு. இன்று ஒன்றும் இறங்கவில்லை, என்னைப் பார்த்துக் கத்தின. அம்மா கூப்பிட்டுக் கூப்பிட்டுக் களைத்துப் போனார். நான் உள்ளே போயிருக்கலாம். கைபேசியில் பதிவு செய்துகொண்டு நின்றேன்.

மே 26, திங்கள்

இன்றைய அமாவாசைக்கும் காகம் வரவில்லை. அம்மா அழுதார்.

"அண்டைக்கு அப்பா நெஞ்சுக்கை நோகுது எண்டவர். வாய்வு எண்டு இஞ்சித் தேத்தண்ணி குடுத்துப் படுக்க வைச்சன், பிறகு எழும்பவேயில்லை. அந்தக் கோவம் அவருக்கு இன்னும் தீரேல்லை, பிள்ளை."

"அப்பிடியில்லை அம்மா" என்றேன். அவ்வளவுதான். மிச்சத்தையும் சொல்ல வேணும் எண்டு தெரியும் — வாய் வரேல்லை. சீ, நானும் ஒரு மகளோ?

ஜூன் 17, செவ்வாய்

வலையையே கண்டிராத இந்த வருடக் குஞ்சுகளும் என்னைக் கண்டு கத்துகின்றன. பல்கலைக்கழகத்தில் துறைத்தலைவர் சோமசேகரம் சேர் எல்லாருக்கும் முன்னால் கைதட்டினார். "துஷாந்தினி, உலகமே உம்மைத் திரும்பிப் பாக்கப் போகுது." அம்மா கட்டித் தந்த சோறு மேசையில் இருந்தது. பிரிக்க மனம் வரவில்லை.

ஜூன் 25, புதன்

அமாவாசை. சொல்லிவிட்டேன்.

"அது அப்பா இல்லை அம்மா. நான்தான் உதுகளைப் பிடிச்சனான். என்னைக் கண்டுதான் இறங்குதுகளில்லை."

இலையில் ஆறிக் கிடந்த சோற்றைப் பார்த்தார்.

"அப்ப... அவருக்கு என்னிலை கோவமில்லையோ?"

"இல்லை அம்மா."

"உனக்கு இது முதலே தெரியுமோ?"

"ஓம்."

சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு குசினிக்குள் போனார். ஒரு அடி அடிச்சிருந்தாலும் ஆறியிருப்பன்.

ஜூலை 1, செவ்வாய்

ஆய்வுக் கட்டுரையை இதழுக்கு அனுப்பவில்லை. காகம் பிடிக்க அனுமதி கிடைத்தது முகமூடிக்கு, என் முகத்துக்கு அல்ல. "விசரே உமக்கு, இவ்வளவு வேலையையும் வீணாக்க?" என்றார் சேர். முகமூடியோடு, வேறு ஊரில், முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

ஜூலை 24, வியாழன்

ஆடி அமாவாசை. வீடு முழுக்க, இந்த நாளுக்கென்றே சமைக்கும் காத்தோட்டிக்காய் பொரித்த வாசம். படையல் முடிந்ததும், யாரும் சொல்லாமலே, நான் அறைக்குள் போய் யன்னலைச் சாத்தினேன். வெளியே அம்மா கூப்பிடும் குரல். பிறகு சிறகடிப்பு. கத்தல் இல்லை.

கொஞ்ச நேரத்தில் அம்மா வாழையிலையில் சோற்றோடு வந்தார்.

"அவர் சாப்பிட்டிட்டார். இனி நீ சாப்பிடு."

எழும்பினேன்.

"வெளியிலை வராதை. மரத்திலை இன்னும் நிக்கினம்."

கதவை அவரே மெல்லச் சாத்திவிட்டுப் போனார்.