பதினான்காம் எண் போன்

மார்ச் 4

அன்புள்ள பூதக்கண்ணாடிக்கு,

போனில் சொன்னால் பாதியில் குறுக்கிடுவாய். அதனால் உன் ஆய்வகத்துக்கு வரும் மாதிரிப் பெட்டியோடு இந்தக் கடிதத்தையும் அனுப்புகிறேன்.

என் பச்சிளங்குழந்தைத் தீவிர சிகிச்சைப் பிரிவில் இரண்டு வாரத்தில் ஐந்து குழந்தைகளுக்கு ஒரே கிருமி. ஒன்று தங்கவில்லை. தாய்மாரின் போன்களை நர்சுகள் துடைத்து, பிளாஸ்டிக் உறையில் போட்டுத்தான் உள்ளே விடுகிறார்கள். இருந்தும் எனக்கு அவற்றின் மேல்தான் சந்தேகம். இனி அவை வாசலோடு சரி என்று விதி கொண்டுவரப் போகிறேன். அதற்கு ஆதாரம் வேண்டும். இருபத்துநான்கு போன்களைத் துடைத்தெடுத்த பஞ்சுக்குச்சிகள் பெட்டியில் இருக்கின்றன. முதல் பன்னிரண்டு தாய்மாருடையவை, அடுத்தவை டாக்டர்கள், நர்சுகள் எங்களுடையவை. எண் மட்டும்தான் இட்டிருக்கிறேன். பெயர்ப்பட்டியல் என்னிடம்.

ஒருத்தியின் கணவனுக்குக் கப்பலில் வேலை. தொள்ளாயிரம் கிராமில் பிறந்த மகளைப் போனில்தான் பார்க்கிறான். "அவர் இன்னும் தொட்டுக்கூடப் பாக்கல மேடம், கண்ணாலயாவது பாக்கட்டுமே" என்றாள். ஆளுக்கொரு விதி வைக்க முடியுமா?

டீனுடன் கூட்டம் பதினைந்தாம் தேதி.

விடுதியில் உன் தூக்கத்தைக் கெடுத்த
வார்டன்


மார்ச் 9

அன்புள்ள வார்டனுக்கு,

முடிவை எழுதிவிட்டுச் சோதனையைக் கேட்கும் பழக்கம் உனக்கு இன்னும் போகவில்லை.

தாய்மாரின் போன்களில் கிருமி வளர்ந்தது இரண்டில். உங்களுடையவற்றில் ஒன்பதில். அவர்கள் போனை நர்சுகள் துடைக்கிறார்கள், சரி. உங்கள் போனை யார் துடைக்கிறார்கள்? ஊருக்குத்தான் உபதேசம்.

குழந்தைகளிடம் இருந்த அதே கிருமி ஒரே ஒரு போனில் இருக்கிறது. எண் பதினான்கு. போனிலிருந்து குழந்தைக்குப் போனதா, குழந்தையிடமிருந்து போனுக்கு வந்ததா என்று என்னால் சொல்ல முடியாது.

மூட்டுவலி எப்படி இருக்கிறது?

பூதக்கண்ணாடி


மார்ச் 11

அன்புள்ள பூதக்கண்ணாடிக்கு,

வலி அப்படியேதான். ஓர் உதவி. டீனுக்குப் போகும் அறிக்கையில் இருபத்துநான்கில் பதினொன்று என்று மொத்தமாகப் போடு. அதில் பொய் எதுவும் இல்லை. எண்வாரியாக வேண்டாம்.

பதினான்கு என்னுடையது.

இறந்துபோன குழந்தையின் அப்பாவிடம் விஷயத்தைச் சொன்னது நான்தான். நீங்கள் செய்யாததை வேறு யார் செய்திருக்கப் போகிறார்கள் என்று எனக்கே ஆறுதல் சொன்னார்.

முப்பது வருஷத்தில் உன்னிடம் எதுவும் கேட்டதில்லை.

வார்டன்


மார்ச் 13

அன்புள்ள வார்டனுக்கு,

கேட்டதில்லைதான். என் நோட்டுகளைக் கேட்காமலேயே எடுத்துக்கொள்வாய்.

மொத்தமாகப் போட்டால் தாய்மாரின் போன்களைத்தான் பறிப்பார்கள். கப்பல்காரன் மகளைப் பார்க்க முடியாது. உன் போன் மட்டும் கோட்டுப் பையில் உள்ளே போய்வந்துகொண்டிருக்கும். அதனால் இரண்டு பிரிவாகவே போட்டு, இன்று காலை டீனுக்கு அனுப்பிவிட்டேன். பதினான்கு யாருடையது என்று அதில் இல்லை. நானும் சொல்ல மாட்டேன்.

உன்னிடம் பேசாமல் அனுப்பியது கோழைத்தனம். பேசியிருந்தால் இளகியிருப்பேன்.

பூதக்கண்ணாடி


மார்ச் 16

பூதக்கண்ணாடிக்கு,

கூட்டம் முடிந்தது. பதினான்கு யாருடையது என்று டீன் கேட்டார். என்னுடையது என்றேன். குறிப்பெடுக்கும் எழுத்தர், "மேடம், இதை எழுதிக்கலாமா?" என்று கேட்டார். எழுதச் சொன்னேன்.

இனி எங்கள் போன்கள் வாசலில் பூட்டி வைக்கப்படும். அவசரத்துக்கு உள்ளே ஒரு தரைவழிப் போன். தாய்மாருடையவை உறையோடு உள்ளே வரலாம்.

குழந்தையை இழந்த அந்த அப்பாவை இன்று வரவழைத்துச் சொன்னேன். முழுதும் கேட்டுவிட்டு, பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்து போனார்.

நீ செய்தது சரி. அதை மறுக்கவில்லை. ஆனால் உறையில் உன் கையெழுத்தைப் பார்த்தாலே பிரிக்க மனம் வருவதில்லை. மாதிரிகளை வேறு ஆய்வகத்துக்கு அனுப்பச் சொல்லிவிட்டேன். நானாக எழுதும்வரை நீ எழுத வேண்டாம்.

வார்டன்