தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் ஒரு மலை

ஸ்டுடியோ,
திங்கட்கிழமை.

அன்புள்ள என் வீட்டுக்காரருக்கு,

இங்கே நானும் மகளும் சுகம். நீங்கள் சுகமா என்று வழக்கம்போல இந்த இடத்தில் கேட்கப் போவதில்லை. கடைசியில் கேட்கிறேன்.

லாரிக்காரத் தம்பி கொண்டுவந்த மெமரி கார்டு கிடைத்தது. காலண்டர் கம்பெனிக்கான பன்னிரண்டு படங்களையும் பிரிண்ட் போட்டுப் பார்த்தேன். அழகாகத்தான் இருக்கின்றன. மலையடிவாரத்தில் அறை எடுத்திருக்கிறேன், தினமும் ஏறி இறங்குகிறேன், சிக்னல் இல்லாததால் போன் பேச முடியவில்லை என்று சீட்டு வைத்திருந்தீர்கள். மூன்றாவது படத்தில் செல்போன் டவர் ஒன்று நெட்டுக்குத்தாக நிற்கிறது. யார் காதில் பூச்சுற்றப் பார்க்கிறீர்கள்?

என்னைச் சந்தேகப் பிராணி என்பீர்கள். இருக்கட்டும். நீங்கள் பெட்டி கட்டிய அன்றைக்கே எனக்கு உறுத்தியது. பாரம் ஆகாது என்று தண்ணீர் பாட்டிலைக்கூட என் தலையில் கட்டிவிட்டு மலையேறுகிற மனிதர், சின்ன லென்ஸையெல்லாம் அலமாரியில் விட்டுவிட்டு அந்த நாலு கிலோ டெலி லென்ஸைத் தூக்கிக்கொண்டு போனீர்கள். மலைக்கே போகிறவருக்கு மலையைக் கிட்டே இழுக்கிற லென்ஸ் எதற்கு?

படங்களைப் பார்த்ததும் புரிந்தது. தண்ணீர்த் தொட்டியின் தோள்மேல் மலை கையைப் போட்டுக்கொண்டு நிற்கிறது. கிட்டே நின்று எடுத்திருந்தால் தொட்டி பெரிதாகவும் மலை தூரத்தில் சின்னதாகவும் விழுந்திருக்கும். இப்படி விழ வேண்டுமானால் தொட்டியிலிருந்தே ஒரு கிலோமீட்டராவது தள்ளி நின்றிருக்க வேண்டும். நடுவில் இருக்கிற அத்தனை காற்றும் வெயிலில் நெளிந்து படத்தில் தெரிகிறது. வெளியாளை ஏமாற்றலாம், இருபது வருடமாக உங்கள் படங்களை பிரிண்ட் போடுகிறவளை ஏமாற்ற முடியுமா?

இன்னொன்று. பன்னிரண்டு படங்களிலும் இடது ஓரத்தில் மங்கலாக ஒரு கறுப்புப் பட்டை. ஜன்னல் சட்டம். ஓரம் வெட்டுவது எப்போதும் என் வேலை என்பதால், பழக்கதோஷத்தில் அப்படியே அனுப்பிவிட்டீர்கள். ஒரே ஜன்னல், ஒரே உயரம். விடியற்காலைப் படம் ஒன்றுகூட இல்லை. கல்யாணமான மறுநாளே விடியல் வெளிச்சம் பிடிக்க என்னை விட்டுவிட்டு ஓடியவர் நீங்கள்.

சரி, எவளோ ஒருத்தியின் வீட்டு ஜன்னல் என்று முடிவே கட்டிவிட்டேன். அழுதுகொண்டே பாஸ்போர்ட் போட்டோ வெட்டியதில் ஒருவருடைய காதை வெட்டிவிட்டேன். அவருக்கு மறுபடி போட்டுக் கொடுத்தேன்.

நேற்று அந்த வட்டாரத்தின் மேப்பைப் பெரிதாக பிரிண்ட் போட்டேன். ஒரு படத்தில் தொட்டி இடது சிகரத்துக்கு நேர் முன்னால் நிற்கிறது. சிகரத்தையும் தொட்டியையும் சேர்த்து ஸ்கேல் வைத்து இந்தப் பக்கமாக ஒரு கோடு இழுத்தேன். இன்னொரு படத்தில் டவர் வலது சிகரத்துக்கு நேராக இருக்கிறது. அதற்கும் ஒரு கோடு. இரண்டும் வெட்டிக்கொண்ட இடத்தில் அவள் வீடு இருக்கும் என்று பூதக்கண்ணாடியை எடுத்தேன்.

அங்கே இருந்தது இருதய ஆஸ்பத்திரி.

முதலில் எவளோ நர்ஸ் என்றுதான் நினைத்தேன். என் புத்தி அப்படி. அப்புறம்தான் கடை மாடிப்படி ஞாபகம் வந்தது. ஆறு மாதமாக நீங்கள் பாதிப் படியில் நின்று செருப்பை உதறுவீர்கள். கல் புகுந்துவிட்டது என்பீர்கள். தினமும் அதே படியில் எப்படிக் கல் புகுந்தது என்று இந்தச் சந்தேகப் பிராணி ஒருநாளும் கேட்கவில்லை. கேட்க வேண்டியதைத் தவிர எல்லாவற்றையும் கேட்டிருக்கிறேன்.

இன்று காலை லாரிக்காரத் தம்பி வந்தார். அண்ணன் தங்கியிருக்கிற இடத்தில் லிஃப்ட் இருக்கா தம்பி என்று சும்மா கேட்டேன். "இருக்கு அண்ணி, மூணாவது மாடிதானே" என்று சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார். அவரைத் திட்டாதீர்கள். அதற்குப் பிறகு அவரால் எதையும் மறைக்க முடியவில்லை. வெள்ளிக்கிழமை ஆபரேஷனாம். முடிந்து எழுந்தபிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று சத்தியம் வாங்கினீர்களாம்.

ஏன் மறைத்தீர்கள் என்று தெரியும். போன வருடம் அப்பாவை ஆபரேஷன் அறைக்குள் அனுப்பிவிட்டு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தவள் நான். மறுபடி என்னை அந்தப் பெஞ்சில் உட்காரவைக்கக் கூடாது என்று நினைத்தீர்கள். எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் பெஞ்சில் நான் இல்லாமல் நீங்கள் உள்ளே போவது அதைவிடப் பயமாக இருக்கிறது.

மகள் புதன்கிழமை கடையைப் பார்த்துக்கொள்வாள். அவளிடம் எல்லாம் சொல்லிவிட்டேன். இந்தக் கடிதத்தை லாரிக்காரத் தம்பியிடமே கொடுத்தனுப்புகிறேன். நான் காலை பஸ்ஸில் வருகிறேன். நேரே மாடிக்கு வந்து நின்றால் உங்களுக்குத் திடுக்கென்று இருக்கும், இப்போது அது ஆகாது. அதனால் பத்து மணிக்கு அந்தத் தண்ணீர்த் தொட்டிக்குக் கீழே சிவப்புக் குடையோடு நிற்பேன். மலையை எடுத்தது போதும். லென்ஸைக் கொஞ்சம் கீழே இறக்கிப் பாருங்கள். நான் பைனாகுலரோடு வருவேன், ஜன்னலில் வெள்ளைத் துண்டைப் போட்டால் மேலே வருகிறேன். போடாவிட்டாலும் வருவேன்.

நீங்கள் நன்றாக இருக்க வேண்டும். இப்போது கேட்கிறேன், உண்மையைச் சொல்லுங்கள். சுகமா?

இப்படிக்கு,
உங்கள் சந்தேகப் பிராணி