ஒரு ரூபாய்க் கூட்டாளி

தாராவி, பம்பாய்-17
12-2-1966

கனகவள்ளி அப்பாவுக்கு, அன்னத்தாய் வணங்கி எழுதிக்கொள்வது. நானும் வள்ளியும் நல்லபடியாக இருக்கிறோம். உங்கள் கால் எப்படி இருக்கிறது, வைத்தியர் கட்டைப் பிரித்துவிட்டாரா, கம்பு ஊன்றாமல் நடக்க முடிகிறதா என்று விவரமாக எழுதவும். கோயில் கொடை பார்க்கப் போன மனிதர் மாட்டுவண்டி மேல் ஏறி நின்றா வேடிக்கை பார்ப்பது என்று இனி கேட்க மாட்டேன். ஆறு மாதமாகக் கேட்டு எனக்கே சலித்துவிட்டது.

உங்கள் கடிதம் போன சனிக்கிழமை வந்தது. கடை நட்டத்தில்தான் ஓடுகிறது, சொரிமுத்து அண்ணாச்சி ஆயிரத்து இருநூறு தருகிறாராம், அவரிடம் கொடுத்துவிட்டுப் பங்குனிக்குள் பிள்ளையோடு ஊருக்கு வந்து சேர் என்று எழுதியிருந்தீர்கள். பதினோரு வருஷம் இரண்டு பேரும் நின்று நடத்திய மளிகைக் கடை. வள்ளிக்கு மார்ச்சில் எஸ்.எஸ்.சி. பரீட்சை வேறு. அண்ணாச்சியோ தினமும் கடை முன்னால் வந்து, அலமாரியெல்லாம் ஏற்கெனவே தன்னுடையது மாதிரி பார்த்துவிட்டுப் போகிறார்.

நட்டம் என்று யார் சொன்னது என்று வள்ளிதான் கேட்டாள். சாயங்காலம் கல்லாவில் ஒன்றும் மிஞ்சுவதில்லையே, வேறு யார் சொல்ல வேண்டும் என்றேன். சிரித்தாள். மாட்டுங்கா பள்ளிக்கூடத்தில் கணக்குப்பதிவு என்று ஒரு பாடம் எடுத்திருக்கிறாளே, பொம்பளைப் பிள்ளைக்கு அது எதற்கு என்று நீங்கள்கூட முகத்தைச் சுளித்தீர்களே, அந்தப் புத்தகத்தைக் கொண்டுவந்து பலகைமேல் வைத்தாள். நீங்கள் ஊருக்குப் போன ஆவணியிலிருந்து நான் அன்றாட வரவு செலவு எழுதிவரும் சிட்டையையும் வாங்கிக்கொண்டாள். ஆறு மாதக் கணக்குக்கும் புது நோட்டில் பேரேடு போட ஆரம்பித்தாள்.

முதல் பக்கத்திலேயே எங்களுக்குள் சண்டை. கடை யார் யாருக்குப் பணம் தர வேண்டுமோ அவர்கள் பக்கத்தில் உங்கள் பேரை எழுதி, எதிரே ஆயிரத்து ஐந்நூறு என்று போட்டாள். பெற்ற தகப்பனைக் கடன்காரர் வரிசையில் உட்கார வைக்கிறாயே என்று கத்தினேன். அவள் அசையவில்லை. கடை வேறு ஆள், அப்பா வேறு ஆள், அப்பா போட்ட முதலைக் கடை அவருக்குத் திருப்பித்தரக் கடமைப்பட்டிருக்கிறது என்றாள். யோசித்துப் பார்த்தால் நியாயமாகத்தான் இருக்கிறது. இத்தனை வருஷம் கடைக்கு நீங்கள் உழைத்தீர்கள் என்று நினைத்தேன். கடையும் உங்களுக்குக் கடன் பட்டிருக்கிறது.

வீட்டுக்கு எடுத்த அரிசி, எண்ணெய், சோப்பு எல்லாவற்றையும் கடைச் செலவில் சேர்க்காமல் தனியே பிரித்தாள். அதற்குப் பேர் எடுப்பு. உப்பு முதற்கொண்டு எழுத வேண்டும் என்று நீங்கள் என்னைப் பழக்கிவைத்தது நல்லதாகப் போயிற்று. நாம் குடியிருக்கும் கோலிக்கு வாடகை, பள்ளிச் சம்பளம், உங்கள் வைத்தியத்துக்கு மணியார்டர் செய்த இருநூற்று நாற்பது, உங்கள் அண்ணன் மகன் வேலை தேடுகிறேன் என்று வந்து பதினெட்டு நாள் உட்கார்ந்து தின்றது, எல்லாம் அதில் வந்தது. கடைசியாகச் சொன்னதைக் கொட்டை எழுத்தில் எழுதச் சொன்னேன். கேட்கவில்லை.

எல்லாம் ஏற்றி முடித்து இரண்டு பக்கத்தையும் கூட்டினால் ஒரு ரூபாய் இடிக்கிறது. கல்லாவை எண்ணினால் சிட்டையில் உள்ளபடி சரியாக இருக்கிறது. ஆனால் அதில் ஒரு ரூபாயை யார் கொடுத்தார்கள் என்று பேரேட்டில் எங்கும் இல்லை. போனால் போகிறது என்றேன். ஒரு பக்கம் வாங்கியவர் இருந்தால் மறுபக்கம் கொடுத்தவர் இருந்தே ஆக வேண்டும் என்று பிடிவாதம். மூன்று நாள் மத்தியானம் சோறுகூட இறங்காமல் தேடினாள். எதிர் டீக்கடை அப்துல் வாஹித் பாய் பார்க்கப் பொறுக்காமல், இந்தா பேட்டி, மகளே, வைத்துக்கொள் என்று தன் பையிலிருந்து ஒரு ரூபாயை நீட்டினார். ஏற்கெனவே ஒரு ரூபாய் கூடுதல் சாச்சா, இதையும் வாங்கினால் இரண்டாகிவிடும் என்று திருப்பிக் கொடுத்தாள்.

நேற்று சிட்டையை முதல் பக்கத்திலிருந்து வாய்விட்டுப் படித்தபோதுதான் பிடிபட்டது. ஆவணியில் புதுச் சிட்டை போடும்போது நீங்கள் வருஷா வருஷம் செய்வதுபோல் நானும் மஞ்சள் தடவி, உ போட்டு, பிள்ளையார் வரவு ரூபாய் ஒன்று என்று எழுதி, கல்லாவில் ஒரு ரூபாயும் போட்டிருந்தேன். வள்ளி அதைச் சாமி கும்பிடும் வரி என்று நினைத்துத் தாண்டிவிட்டிருக்கிறாள். இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் சாமான் வாங்க வந்தவர்கள் பயந்துவிட்டார்கள்.

பிறகு அந்த ரூபாய் யாருடையது என்று கேட்டாள். பிள்ளையாருடையது என்றேன். பிள்ளையாருக்கு யார் கொடுத்தது என்று விடவில்லை. மிளகு டப்பாவில் நான் சேர்க்கும் சிறுவாடு உங்களுக்குத் தெரியாது. இப்போது தெரிந்துகொள்ளுங்கள். அதிலிருந்துதான் எடுத்தேன் என்று ஒப்புக்கொண்டேன். உடனே உங்கள் பேருக்குக் கீழே ‘அன்னத்தாய், முதல், ரூ. 1’ என்று எழுதினாள். கணக்கு சரியாக நின்றது. கடை நோட்டில் என் பேரைப் பார்ப்பது இதுதான் முதல் தடவை. எனக்குச் சந்தோஷமாக இருந்தது, மறைப்பானேன்.

இனி கேளுங்கள். ஆறு மாதத்தில் லாபம் தொள்ளாயிரத்து முப்பது. நாம் எடுத்தது தொள்ளாயிரத்து ஐந்து. கடை நட்டப்படவில்லை, நம்மையெல்லாம் உட்கார வைத்துச் சோறு போட்டிருக்கிறது. சரக்கு, வரவேண்டிய பாக்கி, தராசு, அலமாரி, கல்லா எல்லாம் சேர்த்து ஐந்தொகை ஆயிரத்து ஐந்நூற்று இருபத்தாறு. தராசுக்கும் அலமாரிக்கும் பழசு என்று தேய்மானம் கழித்தபிறகும் இவ்வளவு. இதைத்தான் அண்ணாச்சி ஆயிரத்து இருநூறுக்குக் கேட்கிறார்.

கூட்டாளி சம்மதம் இல்லாமல் கடையை விற்க முடியாதாம், வள்ளி சொல்கிறாள். ஒரு ரூபாய் போட்டவளும் கூட்டாளிதானா என்று இரண்டு தடவை கேட்டு உறுதி செய்துகொண்டேன். எனக்குச் சம்மதம் இல்லை. அண்ணாச்சியிடம் காலையிலேயே சொல்லிவிட்டேன். அலமாரியைப் பார்க்காமலே போனார்.

வள்ளி பரீட்சைக்கு நன்றாகப் படிக்கிறாள். நீங்கள் பக்கத்தில் இருந்தால் இன்னும் நன்றாக எழுதுவாள். இன்று உங்கள் ரயில் டிக்கெட்டுக்கு நாற்பது ரூபாய் மணியார்டர் செய்திருக்கிறேன். இதை அப்பா எடுப்பில் எழுதட்டுமா என்று நோட்டைத் திறந்தாள். மூடச் சொன்னேன். கடை வேறு ஆள், நான் வேறு ஆள். இது மிளகு டப்பாப் பணம், கடைக் கணக்கில் வராது.

பிள்ளையார் துணையிருப்பார். வண்டியில் ஏறும்போது மட்டும் பார்த்து ஏறவும்.

இப்படிக்கு,
தங்கள் கூட்டாளி
அன்னத்தாய்